நீல நாடா கட்டிய பன்றிகள்

என் தங்கை இதுவரை மூன்று பேரை அடித்திருக்கிறாள். மூன்றும் நடந்த தேதி எனக்குத் தெரியும். முதல் ஆள், பள்ளிக்கூடத்தில் அவள் சடையை மேசைக்காலில் கட்டிவைத்தவன். காம்பஸ் முனையால் அவன் தொடையில் குத்தினாள். இரண்டாவது என் வீட்டுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியபோது, பின்னாலிருந்து வந்து குக்கர் மூடியால் காதோடு சேர்த்து ஒரு போடு போட்டாள். உட்கார்ந்தவர் எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆனது. "அடுத்த தடவை மூடி இல்ல மாமா, குக்கரே வரும்" என்று சொல்லிவிட்டு, மூடியைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அதன்பிறகு அவர் என்மேல் கை வைத்ததில்லை. மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்வதற்குமுன் எங்கள் இரண்டு பேர் வேலையையும் சொல்லியாக வேண்டும்.

நான் பன்றி அறுக்கும் கூடத்தில் குடல் மேசையில் நிற்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அதே மேசை. பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரும்புக் கூண்டுக்குள் வரும். கிடுக்கிக்காரர் மின்சாரக் கிடுக்கியை அதன் தலையின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்துவார். கால் விறைக்கும். பின்னங்காலில் சங்கிலி மாட்டித் தூக்கியதும் கத்திக்காரர் கழுத்தடியில் ஒரே குத்து. வாளியைக் கவிழ்த்தது போல ரத்தம் கொட்டும். பிறகு கொதிநீர், மயிர் சுரண்டல், வயிறு கீறல். குடலும், சினைப்பைகளோடு சேர்ந்த கருப்பையும் ஆவி பறக்க என் மேசையில் வந்து விழும்.

கிடுக்கியைச் சரியாக வைத்தால் பன்றிக்கு ஒன்றும் தெரியாது. அரைகுறையாக வைத்தால், தலைகீழாகத் தொங்கும்போது விழித்துக்கொள்ளும். அலறும், உதறும், கத்தி தவறும். அப்படிச் செத்ததன் இறைச்சி வெளுத்து நீர் விடும், சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் அதன் காலில் ஒரு நீல நாடா கட்டுவது எங்கள் கூடத்து வழக்கம். நீல நாடாவின் உள்ளுறுப்புகளை மற்றதோடு சேர்க்கக் கூடாது. எங்கள் கிடுக்கிக்காரர் கைக்கு நூற்றுக்குப் பத்து நாடா தவறாமல் விழும்.

தங்கை வேலை பார்ப்பது ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில். நான் இரண்டு பிளாஸ்க்கில் அனுப்பும் சினைப்பைகளிலிருந்து முட்டைகளை உறிஞ்சியெடுத்து, விந்தோடு சேர்த்து, எண்ணெய்க்கு அடியில் ஒரே ஒரு சொட்டு நீரில் பன்றிக் கருவை வளர்க்கிறாள். அந்த நீருக்கு மீடியம் என்று பெயர். அதில் என்ன சத்து, எந்த நாளில், எவ்வளவு என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. எட்டாவதோடு நின்றுபோன எனக்கும் புரிகிறமாதிரி ஒருநாள் சொன்னாள்.

"முதல் ரெண்டு நாள் கரு தாய் முட்டைக்குள்ள வச்ச சேமிப்புலதான் ஓடும்க்கா. நாலு செல் ஆகும்போதுதான் அதோட சொந்த ஜீன்கள் கண்ணைத் திறக்கும். அதுவரைக்கும் என்ன சாப்பாடு போட்டோமோ, அதுக்குத் தகுந்தபடி சில ஜீன் சத்தமாப் பேசும், சிலது வாயை மூடிக்கும்."

"எது மூடினா நல்லது?"

"செல்லைப் பார்த்து 'நீ செத்துப்போ'ன்னு சொல்ற ஜீன் ஒண்ணு இருக்கு. அது மூடினா நல்லது."

"நம்ம வீட்டுலயும் ஒண்ணு அப்படிப் பேசிட்டிருந்துச்சு. குக்கர் மூடியில அடங்கிடுச்சு" என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

பழைய மீடியத்தில் முதல் நாளிலிருந்தே குளுக்கோஸ் இருக்கும். அவள் கலந்த மீடியத்தில் முதல் இரண்டு நாள் பைருவேட், லாக்டேட் என்ற வேறு இரண்டு சத்து மட்டும், குளுக்கோஸ் பிறகுதான். அவள் மீடியத்தில் வளர்ந்த கருவில் அந்தச் சாவு ஜீன், பழையதில் பேசியதில் மூன்றில் ஒரு பங்குதான் பேசியது. ஐந்து முறை செய்தாள், ஐந்து முறையும் அப்படியே வந்தது. ஏழு வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தவளுக்கு நிரந்தர வேலை இந்த ஒரு முடிவை நம்பித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை துறைத் தலைவரிடம் காட்ட வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் சமையலறையில் உட்கார்ந்து படத்தை விரித்தாள். உயரமாக நீலக் கட்டைகள், குட்டையாகச் சிவப்புக் கட்டைகள்.

"ஏன் சிவப்பு, நீலம்?"

"உனக்குக் குடுத்த பிளாஸ்க் மூடி கலர்தான். சிவப்பு மூடி முட்டை அத்தனையும் என் மீடியத்துக்கு, நீல மூடி அத்தனையும் பழசுக்கு. எப்பவும் அப்படித்தான், மாத்தவே மாட்டேன். ஒழுங்கு உங்கிட்ட கத்துக்கிட்டதாச்சே."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். எந்தப் பன்றி என்று பார்க்காமல் இரண்டு பிளாஸ்க்கையும் நான் நிரப்புகிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அமைதியாகச் செத்ததன் சினைப்பைகளைச் சிவப்பிலும், நீல நாடாவினுடையதை நீலத்திலும், இரண்டும் ஒரே அளவு வருகிறபடி நான் போட்டுவந்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கூடத்துப் பழக்கம், சேர்த்துப் போட மனம் வரவில்லை. அதைச் சொன்னேன்.

அவள் படத்தை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துச் சுவரில் அடித்தாள். அடுத்ததையும் அடித்தாள். ஆறு தம்ளர் செட்டு அது, ஆறும் போனது.

"எத்தனை நாளாக்கா?"

"பதினோரு மாசம். முதல் பிளாஸ்க்லேர்ந்தே."

"அப்போ செத்துப்போன்னு பேசினது என் சாப்பாட்டினாலயா, அந்தச் சாவினாலயா? எனக்கே தெரியாதேக்கா." ஒரு சில்லு அவள் பாதத்தில் ஏறியிருந்தது. தரையெல்லாம் ரத்தத் தடம்.

"நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா..."

"திறந்துட்டியே. துடைப்பத்தை எடு."

மறுநாள் அவள் நடந்ததைச் சொன்னபோது, தலைவரும் வாயைத் திறக்காதே என்றுதான் சொன்னாராம். "நாடா விஷயம் யாருக்குத் தெரியும்? உனக்கும் உங்க அக்காவுக்கும்."

"எனக்குத் தெரியுதே சார்."

நேர்காணலுக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்குள் புதிதாகச் செய்து முடி என்று விட்டுவிட்டார்.

இந்தமுறை சிவப்பு மூடி முட்டைகளையும் பாதியாகப் பிரித்து இரண்டு மீடியத்திலும் போட வேண்டும், நீல மூடி முட்டைகளையும் அப்படியே. சினைப்பை எடுக்க அவளே வந்து என் மேசைப் பக்கத்தில் நின்றாள். ரப்பர் பூட்ஸ் முழங்கால்வரை சிவந்திருக்கும். "பன்னிக்குட்டிக்குப் புட்டிப்பால் கலக்குற ஆயாம்மா வந்தாச்சு" என்பார்கள் கூடத்து ஆட்கள். "உங்களுக்குக் கலக்குனவங்களைவிடச் சுத்தமாத்தான் கலக்குறேன்" என்பாள்.

ஆனால் அந்த மாதம் பார்த்து மேலாளர் கெட்ட இறைச்சிக்காகக் கிடுக்கிக்காரரைக் கண்டபடி திட்டியிருந்தார். மனிதர் பயந்து ஒழுங்காக வேலை செய்தார். ஒருநாளைக்கு ஒரு நாடா விழுந்தால் அதிகம். ஐந்து வாரம் போனது. நீல பிளாஸ்க்கின் அடிகூட மறையவில்லை.

"என்ன டாக்டரம்மா, மூஞ்சி வாடிக்கிடக்கு? நீலம் கிடைக்கலையா?" என்றார் கிடுக்கிக்காரர். "நம்ம கையிலதானே இருக்கு. ஒரு நொடி முன்னாடி எடுத்தாப் போதும். எத்தனை உருப்படி வேணும், சொல்லுங்க."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிளாஸ்க்கைப் பார்த்தாள், கூண்டுக்குள் நின்ற பெட்டைப் பன்றியைப் பார்த்தாள், பேசாமல் இருந்தாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கிடுக்கி பட்டதும் எடுத்துவிட்டார். பெட்டை விழுந்தது, சங்கிலி தூக்கியது, பாதி உயரத்தில் கண்ணைத் திறந்தது. அந்தச் சத்தத்துக்கு இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் காது மரத்திருக்க வேண்டும், மரக்கவில்லை. உடம்பை வளைத்து உதறியதில் முதல் குத்து தோளில் இறங்கியது. இரண்டாவது தாடையில். அதன் குளம்பு கத்திக்காரர் நெற்றியைப் பிளந்தது. மூன்றாவது குத்தில்தான் ரத்தக்குழாய் அறுந்தது.

"போதுமா, இன்னும் ரெண்டு?" என்று கிடுக்கிக்காரர் சிரித்தபடி திரும்பினார்.

தங்கை கையிலிருந்த சிவப்பு மூடி பிளாஸ்க்கைச் சுழற்றி அவர் வாயில் அடித்தாள். எஃகு பிளாஸ்க். முன்பல் இரண்டு போனது. அவர் விழுந்தபிறகும் ஏறி உட்கார்ந்து அடித்தாள். மூடி தெறித்து, அன்று காலையிலிருந்து நான் சேர்த்த சினைப்பைகள் எல்லாம் ரத்தத் தரையில் உருண்டன. நானும் இன்னும் இரண்டு பெண்களும் இழுத்துத்தான் அவளைப் பிரித்தோம். மூன்றாவது ஆள் அவர்தான்.

மேலாளர் அறையில், வாயில் துணியை அழுத்திக்கொண்டு, "இவங்கதான் கேட்டாங்க" என்றார் அவர்.

"நான் கேக்கல" என்றாள் தங்கை. "ஆனா வேண்டாம்னும் சொல்லல. அதையும் சேர்த்து எழுதிக்குங்க."

மேலாளர் இரண்டையும் எழுதிக்கொண்டார். கிடுக்கிக்காரரைப் பட்டி கழுவப் போட்டார்கள். தங்கை இனிமேல் கூடத்துக்குள் வரக் கூடாது என்றார்கள். பல் கட்டும் செலவு அவள் தலையில். போலீஸ் வரை போகாமல் முடிந்ததே பெரிது.

அன்று மாலை அவளிடம், "நாடா விழுந்தா நான் எடுத்துத் தரேன், குட்டி" என்றேன்.

"வேணாம்க்கா. நீலம்னு ஒரு கணக்கு இருந்தா, எனக்கு அது நிறையணும்னு தோணிக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் குடு."

கொட்டிக் கொடுத்தேன். அவள் முட்டைகளைக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு பிரித்தது போலப் பிரித்து, இரண்டு மீடியத்திலும் வளர்த்தாள். மூன்று முறை செய்யத்தான் நாள் இருந்தது. மூன்று முறையும் அவள் மீடியத்தில் அந்த ஜீன் குறைவாகவே பேசியது. ஆனால் வித்தியாசம், முன்பு வந்ததில் சரிபாதி.

நேர்காணலில் ஒரு பெரியவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, "போன தடவை காட்டினதுல பாதிதானேம்மா வருது? மீதி எங்க?" என்று கேட்டாராம்.

"மீதி எங்க அக்கா கைவேலை சார்" என்றிருக்கிறாள். சிரித்தார்கள். பிறகு நாடாவைப் பற்றி முழுக்கச் சொல்லியிருக்கிறாள், பிளாஸ்க்கால் அடித்ததையும் விடாமல். அதற்கு யாரும் சிரிக்கவில்லையாம்.

நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. இவளுக்கு இன்னும் ஒரு வருடம் தற்காலிகம். அவள் எழுதிய அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், "பன்றி இறந்த விதம் பார்த்துப் பிரிக்காமல் எல்லாச் சினைப்பைகளும் கலந்து எடுக்கப்பட்டன" என்று ஒரு வரி இருக்கிறது. எனக்குப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கத்தில் எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த ஒரு வரிதான். அதில் ஒரு தப்பும் இல்லை.