வாசல் சாக்கடையில் பியர் நுரை

சங்கமித்ரா துடைப்பக்கட்டையால் வாசல் சாக்கடையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய நந்திதுர்க் லைன் வீடுகளில் அவரவர் வாசலுக்கு நேரே ஓடுகிற சாக்கடையை அவரவர்தான் தள்ள வேண்டும். தள்ளியது அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மதியச் சாப்பாடான பிசியூட்டா சமைத்துவிட்டு வந்த கையோடு இந்த வேலையை முடித்துவிடுவாள். அன்று அவள் வீட்டுக் குளிக்கும் மூலையின் கழிவுநீர்க் குழாயிலிருந்து பழுப்பு நுரை வந்தது. கூடவே ஒரு புளித்த வாசனை.

அடுத்த வீட்டு வேலம்மாள் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி, உங்க வூட்டுத் தண்ணி இப்படி நுரைக்குது? இன்னா சோப்பு போடுற?"

சங்கமித்ரா நுரையை வேகமாகத் தள்ளினாள்.

"எங்க வூட்டுக்காரரு மோந்து பார்த்துட்டு, அந்த சோப்பு நமக்கும் ஒண்ணு வாங்கின்னு வான்றாரு."

சங்கமித்ரா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

அவள் கணவன் சித்தார்த்தன் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு டான்ஸ்களில் பேஸ் கிடார் வாசித்தவன். ஆங்கில ராக் பாட்டுகளைக் காதால் கேட்டே பிடித்துக்கொள்வான். ஒவ்வொரு இடைவேளைக்கும் மேடைக்குப் பின்னால் ஒரு கிளாஸ் காத்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு மேடை போனது, கிளாஸ் போகவில்லை. ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவனை நாலு பேர் தூக்கி வந்த அன்று அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். புத்த பூர்ணிமா அன்று அவன் விகாரில் எல்லோர் முன்பும் எழுந்து நின்று, பஞ்சசீலத்தின் ஐந்தாவதை மட்டும் தனியாக, சத்தமாகச் சொன்னான்: மது தொட மாட்டேன். லைன் முழுக்கக் கேட்டது. அவள் திரும்பி வந்தாள். அதன் பிறகு வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முகத்தருகே வாயை ஊதிக் காட்டுவான். அவள் கேட்பதை நிறுத்திய பின்னும் ஊதினான்.

ஃபேக்டரியில் அவன் பார்த்துவந்த கான்ட்ராக்ட் வேலை நின்றது. பல மாதம் சும்மா இருந்தான். பழைய பேண்டில் பாடிய டீனாதான் பெங்களூரில் ஓர் இடம் சொன்னாள். தாங்களே பியர் காய்ச்சி விற்கும் கடை. ஞாயிறு மதியம் பழைய ராக் இசைத்தட்டுகளைப் போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமான ஒரு பியரைச் சுவைக்கக் கொடுப்பார்கள். எதற்கு எது பொருந்தும் என்று எடுத்துச் சொல்ல ஆள் தேவை. தான் குடிப்பதில்லை என்பதை அவன் அங்கே சொல்லவில்லை. பியர் விஷயத்தை வீட்டில் சொல்லவில்லை. ருசி பார்த்துப் பாட்டு தேர்ந்தெடுக்கச் சொல்லி அவர்கள் கொடுத்தனுப்பும் பாட்டில்களை, மனைவி வேலைக்குப் போன பிறகு திறந்து முகர்ந்து மட்டும் பார்ப்பான். கறுப்பு பியரில் ராகி மாவு வறுக்கையில் அடிபிடிக்கிற வாசனை; அதற்கு பேஸ் கனமாக இறங்கும் மெதுவான பாட்டு. ஆரஞ்சுத் தோல் வாசனை அடித்தால் வேகமான கிடார். மிச்சத்தையெல்லாம் குளிக்கும் மூலைக் குழாயில் கொட்டிவிடுவான். அந்தச் சாக்கடை எத்தனை வாசல் வழியாகப் போகிறது என்பதை, அங்கேயே பிறந்து வளர்ந்தவன், யோசிக்கவில்லை.

உள்ளே ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது; அவள் வேலை முடிந்து வந்தது அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. சித்தார்த்தன் குளிக்கும் மூலையில் பாட்டிலைக் கவிழ்த்தபடி குந்தியிருந்தான்.

"குடிக்கல சங்கமித்ரா. கொட்டுறேன். பாரு, கொட்டுறேன்."

"ஓட்டல்ல பாட்டு போடுறேன்னுதான சொன்ன?" எப்போதும் வாங்க, போங்க என்று பேசுகிறவள்.

"பாட்டுதான் போடுறேன். பியருக்கு ஏத்த பாட்டு. மோந்து பார்த்துதான் சொல்றேன். ஒரு சொட்டு நாக்குல வெக்கல."

எழுந்து வந்து அவள் முகத்தருகே ஊதினான். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வூடே நாறுது. இதுல உன் வாய தனியா எங்க மோந்து பாக்குறது?"

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் கையைப் பிடித்தான்.

"இத வுட்டா எவன் எனக்கு வேலை குடுப்பான்? செக்யூரிட்டிக்குக் கூட வயசாயிடுச்சின்றான். விகார்ல சொன்னத நான் மறக்கல. வேலம்மா அக்காவ கூப்புடு. லைனையே கூப்புடு. எல்லார் முன்னாடியும் இன்னொருவாட்டி சொல்றேன்."

"யாரும் வாணாம்." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கண் சிவக்கவில்லை, நாக்கு குழறவில்லை. "நம்புறேன். நீ குடிக்கல."

அவன் மூச்சு விட்டான். சுவரில் சாய்ந்துகொண்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள். "இந்தப் பாட்ட போட்டுட்டு, அத மூக்குகிட்ட வெச்சுன்னு உக்கார்ற இல்ல? அப்ப குடிக்கணும்னு தோணுதா?"

சித்தார்த்தன் வாயைத் திறந்தான். கையிலிருந்த பாட்டிலின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதைப் பார்த்தான். பிறகு ஓடுகிற ரெக்கார்டைப் பார்த்தான். கிடார் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டு முடியும் வரை சங்கமித்ரா நின்றாள். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.