படம் உங்களது, புருஷன் என்னுடையவர்

தையற்கார அக்கா வாயைத் திறந்தால் அடுத்த தெருவில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். அந்த வாய்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

பக்கத்துக் கடை தீப்பிடித்த அன்று, புகையில் கண்ணீர் வழிய, "மிஷினைத் தூக்குய்யா, வேடிக்கை பாக்காதே!" என்று புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். பத்திரிகைப் படக்காரர் அதைக் கிளிக் செய்துகொண்டு போனார். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படத்துக்குக் கீழே, 'எல்லாம் இழந்த பெண்.' தொலையட்டும் என்று விட்டாள். அப்புறம் விலைவாசி ஏறினாலும் அதே படத்தில் அவள்தான் கதறினாள். வெள்ளம் வந்தாலும் அவள்தான். போன வாரம் பஸ் கவிழ்ந்த செய்திக்கு மேலே, 'கணவரைப் பறிகொடுத்த மனைவி.'

புருஷனும் பஸ் ஓட்டுகிறவர். ஊரே நம்பிவிட்டது. மாலையோடு வந்தவருக்குக் கதவைத் திறந்ததே செத்தவர்தான். துக்க வீட்டைத் தொந்தரவு செய்வானேன் என்று துணி கொடுக்க ஒருவரும் வரவில்லை. தையல் மிஷின் சும்மா கிடந்தது.

அக்கா புருஷனைக் கையோடு இழுத்துக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போனாள்.

"படத்தோட காப்புரிமை எங்களுதும்மா" என்றார் ஆசிரியர்.

"படம் உங்களுது. புருஷன் என்னோடவரு. அவரை ஏன்யா சாகடிக்கிறீங்க?"

"கோப்புப் படம்னு கீழ போட்டிருக்கோமே."

"அவ்வளவு பொடி எழுத்துல எறும்புக்கா எழுதினீங்க?"

அப்போது படக்காரர் வேறொரு பத்திரிகையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "சார், இந்தக்கா படத்தைச் சுட்டுட்டானுங்க! என் பேரைக்கூடப் போடல. ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

புருஷன் இருமினார்.

"வயிறு எரியுதா தம்பி?" என்றாள் அக்கா.

ஆசிரியர் குரல் குழைந்தது. "அவங்க மேல புகார் எழுதுறோம். நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா கெட்டியா இருக்கும்மா."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல்ல என் மூஞ்சியை உங்க கம்ப்யூட்டர்லேருந்து எடுங்க. இவரு உயிரோட இருக்காருன்னு முதல் பக்கத்துல போடுங்க. அப்புறம் கையெழுத்து."

"என் நல்ல படமே அதுதான்க்கா" என்றார் படக்காரர்.

"அதுல எனக்கு அண்டா மாதிரி வாய். எடு."

அவள் பார்க்கப் பார்க்க அழித்தார். மறுப்புச் செய்திக்கு ஒரு படம் வேண்டும் என்றார் ஆசிரியர். படக்காரர் கேமராவைத் தூக்கினார், பிறகு இறக்கினார்.

"உங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுத்துக்கலாமாக்கா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புருஷனின் சட்டைக் காலரை நேராக்கினாள்.

"கீழ என்ன எழுதுவேன்னு முதல்ல சொல்லு."