ஷார்ட் ஷிஃப்டர் மாட்டிய புத்தி

போன சனிக்கிழமை என்னைச் சுட்டிருப்பார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலை ஒன்பதரை மணி. மாத்தளை-தம்புள்ளை ரோட்டில் நாலந்தா தாண்டிய ராணுவச் செக்பாயிண்ட். தம்புள்ளையில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியோடு புறப்பட்டவன் நெஞ்சுக்கு நேரே மூன்று துப்பாக்கிகள். காரணம்? என் காரின் கியர் கம்பி. சிரிக்காதீர்கள்... எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தெரியும். இரண்டு கதவு, பழைய ஜப்பான் வண்டி. அதில் எனக்கு ஒரே குறை, கியர். கஞ்சிப் பானைக்குள் அகப்பை விட்ட மாதிரி இங்கும் அங்கும் ஆடும். தேர்ட் கியரைத் தேடிப் பிடிப்பதற்குள் முன்னால் போன பஸ் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இதைப் பலாபத்வலையில் கராஜ் வைத்திருக்கும் சுனில் பாஸிடம் சொன்னேன். எங்கள் பக்கம் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் நானும் பேசுவது சிங்களத்தில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"ஒரு ஷார்ட் ஷிஃப்டர் போடுவோம் சார். கை கொஞ்சம் அசைஞ்சா போதும், கியர் டக்குன்னு விழும். ரேஸ் வண்டியெல்லாம் இப்படித்தான்."

போட்டார். கம்பி குட்டையானது. அதன் அடியில் இருந்த ரப்பர் வளையம் போய் பித்தளை வளையம் வந்தது. கம்பியை நடுவில் இறுக்கிப் பிடிக்க ஒரு கனத்த ஸ்பிரிங். உச்சியில் பளபளவென்று ஓர் அலுமினியக் குமிழ்.

பொய் சொல்ல மாட்டேன். அருமையாக இருந்தது! கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல ஒவ்வொரு கியரும் கச்சிதமாக விழுந்தது. அந்தச் சத்தத்துக்காகவே மாற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, ரோடு நேராத்தானே போகுது? எதுக்குச் சும்மா சும்மா கியர் மாத்துறீங்க?" என்றாள் என் மனைவி பத்மா.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். திமிர்!

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலையில் வண்டி ஓட்டிப் பழகியவன் ஹேண்ட்பிரேக்கை நம்ப மாட்டான். எஞ்சினை நிறுத்தினால் ஃபர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவான். டயருக்கு ஒரு கல்லும் வைப்பான். திரும்ப ஏறியதும் இரண்டு விரலால் கம்பியை ஆட்டிப் பார்ப்பான். கடகடவென்று ஆடினால் நியூட்ரல், ஸ்டார்ட் பண்ணலாம். ஆடாவிட்டால் கியரில் இருக்கிறது. இருபது வருஷமாக என் விரல்களுக்குத் தெரிந்த பாடம் இது.

புது ஷிஃப்டர் வந்த பிறகு அந்தக் கம்பி கியரிலும் ஆடாது, நியூட்ரலிலும் ஆடாது. கம்பியைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, எப்போதும் நிமிர்ந்தேதான் நிற்கும். ஆடாமல் இருப்பதுதான் உயர்ந்த வண்டியின் லட்சணம் என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

அன்று செக்பாயிண்டில் "பஹின்ன" என்றார்கள். இறங்கு என்று அர்த்தம். பத்மா இறங்கி நடந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். நானும் கைப்பழக்கத்தில் ஃபர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டு இறங்கினேன். கல் வைக்கவில்லை. செக்பாயிண்டில் டயருக்குப் பக்கத்தில் குனிந்தால் என்ன நினைப்பார்கள்? அடையாள அட்டையைக் காட்டினேன், டிக்கியைத் திறந்தேன், மூடினேன். "யன்ன, யன்ன!" போ, போ என்று கை காட்டினான் சிப்பாய். பின்னால் லாரிக்காரர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். ஏறி உட்கார்ந்து கம்பியைத் தொட்டேன். வழக்கம்போல ஆடவில்லை. சாவியைத் திருப்பினேன்.

கிளட்சை மிதித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் ஒரு வாரமாக என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வண்டி துள்ளியது. தடுப்புக்கு முன்னால் இருந்த வெறும் தார் பீப்பாயை இடித்தது. அது உருண்டு பத்மாவின் காலடியில் போய் நின்றது. அதற்குள் துப்பாக்கிகள் தூக்கப்பட்டுவிட்டன.

"வெடி தியன்ன எப்பா! சுட்டுறாதீங்க! மஹத்தயா, ஐயா, சுட்டுறாதீங்க!" பத்மா இரண்டு மொழியிலும் கத்திக்கொண்டே வண்டியை நோக்கி ஓடி வந்தாள். துப்பாக்கிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். எனக்குக் கையைத் தூக்கத் தெரிந்தது, வாயைத் திறக்கத் தெரியவில்லை.

அப்புறம் ஒன்றரை மணி நேரம். சீட்டைக் கழற்றினார்கள். கியர் குமிழைக் கூடத் திருகி எடுத்து உள்ளே பார்த்தார்கள். அட்டையில் இருந்த என் தமிழ்ப் பெயரை அவர்களின் அதிகாரி ஒருவர் இரண்டு தடவை படித்தார்.

"எந்த ஊர்?"

"மாத்தளை."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் மாத்தளைதான் ஐயா."

தாலி கட்டும் நேரம் தாண்டிப் போனது. ஒருவழியாக விட்டார்கள். பத்மா காரில் ஏறவில்லை. கை காட்டி பஸ்ஸை நிறுத்தி, அதில் வீட்டுக்குப் போனாள். "அந்தக் கம்பிய கழட்டுற வரைக்கும் நான் ஏற மாட்டேங்க" என்று மட்டும் சொன்னாள்.

நேரே பலாபத்வலைக்கு ஓட்டினேன். கராஜ் வாசலிலேயே கத்தினேன்.

"பாஸ்! நியூட்ரல் தெரியாத கியரை யார் கண்டுபிடிச்சது? என் பெண்டாட்டி இன்னைக்கு விதவையாகியிருப்பா! கழட்டுங்க! என் பழைய ரப்பர் எங்கே?"

சுனில் பாஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல். பழைய ரப்பரைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். வண்டிக்கு அடியில் படுத்து, நட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"இதுக்குப் போய் ஏன் சார் இவ்வளவு கோபம்? என் வண்டியிலயும் இதே ஷார்ட் ஷிஃப்டர் கிட்தான். போன மாசம் அதே இடத்துல எனக்கும் துள்ளிச்சு. பீப்பாய் எல்லாம் உருண்டுச்சு. அங்க இருந்த ஆமிப் பையன்மாரு விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. டீ குடுத்து அனுப்பினானுங்க."

பத்திரிகை ஆசிரியர் அடுத்த வரியை வெட்டாமல் விட்டால், அதை மட்டுமாவது படியுங்கள். அதே செக்பாயிண்ட். அதே கிட். அதே துள்ளல்.

"பாஸ், அந்தச் சிரிப்ப என் வண்டியில மாட்டுறதுக்கு ஒரு கிட் இருந்தா சொல்லுங்க" என்றேன்.

அவர் கையில் ஸ்பேனர் நின்றுவிட்டது.