எதிர்ப்பக்கம் திரும்பிய பிக்கப்

மராட்டிய நகரமொன்றின் ஓரத்தில், ஔந்தில் எங்கள் வீடு. பாணேர் போகிற வழியில், வாடகை நிலத்தில் என் செடிக்கடை. தொண்ணூறுகளின் கடைசி அது. நாலாபக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன, குடிவந்தவர்களுக்கெல்லாம் பால்கனியில் வைக்கச் செடி வேண்டியிருந்தது. தொட்டிகளைக் கொண்டுபோய் இறக்க என்னிடம் ஒரு பிக்கப் இருந்தது. என்னைவிட வயதில் மூத்த வண்டி. ஓட்டுவதும் நான்தான். என் கணவருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. முன்பக்க ஸ்பிரிங் பட்டைகள் விறைத்துப்போய், ஒரு வேகத்தடைக்கு ரெண்டு தொட்டி விரிசல் விடும். ஸ்டியரிங்கோ ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல. ஒரு மழைக்காலத்தில் என் வலது தோள் இறுகிக்கொண்டது. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை.

"வித்துப்போடு புள்ள. கடையையும் யாருக்காச்சும் குடுத்துப்போட்டு நிம்மதியா வீட்ல இரு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "உங்களுக்குக் கால் வலிச்சா ஆபீஸை விட்டுப்போடுவீங்களா?" என்று கேட்டேன். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். வண்டியின் முன்பக்கத்தை மாற்றிப் பார்ப்பது. அதற்கப்புறமும் தோள் வலித்தால் வண்டியும் போகும், கடையும் போகும். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, கடையை விட எனக்கு மனசே இல்லை.

நகரத்துக்குள்ளே கேம்ப் பகுதியில், பழைய வண்டிகள் என்றால் உயிரை விடுகிற ஒரு மெக்கானிக் இருந்தார். தடித்த பட்டைகளைக் கழற்றிவிட்டு மெல்லிய, நீண்ட பட்டைகள் போட்டார். ஷாக் அப்சார்பர்களும் புதிது. கழித்துப்போட்ட வேறொரு வண்டியிலிருந்து பவர் ஸ்டியரிங் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அது அந்த இடத்தில் உட்காரவில்லை என்று தலைகீழாகத் திருப்பி மாட்டினார்.

முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிச் சோதனை நடந்தது. என் கணவர் ஸீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் சுற்ற, மெக்கானிக் வண்டிக்கு எதிரே நின்று சக்கரத்தைப் பார்த்தார்.

"லெஃப்ட் கயா! பராபர்!" என்று, இடப்பக்கம்தான் போகிறது, எல்லாம் சரி என்பதாகக் கட்டைவிரலை உயர்த்தினார்.

எதிரே நிற்கிறவரின் இடது, வண்டிக்கு வலது; தலைகீழ்ப் பெட்டி சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தது. அந்த ரெண்டு பெரிய மனுஷர்களுக்கும் அது உறைக்கவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? டயருக்கடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு, நல்ல நேரம் தாண்டிவிடுமே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. தெருவில் இறங்கி இடப்பக்கம் ஒடித்தேன். வலப்பக்கம் போனது. ஐயோ என்று பதறி இன்னும் ஒடித்தேன். இன்னும் வலப்பக்கம் போய், எதிர்ச்சாரியில் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இறங்கி, தமிழிலும் இந்தியிலும் இருவரையும் வறுத்தெடுத்தேன். மெக்கானிக் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். என் கணவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பத்து நாளில் பொருத்தமான வேறு பெட்டி மாட்டி வண்டி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது தொட்டிகளை ஏற்றிக்கொண்டு பாணேர் கிளம்பினேன். பக்கத்தில் அவர். வேகத்தடைகளில் வண்டி அலுங்காமல் ஏறி இறங்கியது. குடியிருப்பு வாசலில் இடம் குறுகல். முன்னே, பின்னே, மறுபடி முன்னே என்று நாலு தரம் ஒடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. அவர் சாலையைப் பார்க்கவில்லை, என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினை அணைத்தேன். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"வலிக்குதா புள்ள? நாந்தான் அப்பவே சொன்னனே" என்றார்.

"வலிக்கலீங்க."

"அப்புறம் எதுக்கு அழுவுற?"

"வலிக்கலைன்னுதான்."

அத்தனை வருஷத்தில் என் தொட்டி ஒன்றைக்கூடத் தொட்டிராதவர், இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து, "எந்த மாடிக்குக் கொண்டுபோகோணும்?" என்று கேட்டார்.