அவ்ளோதான் அண்ணன்

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைக்கும்போதே அவர் பேச ஆரம்பித்துவிடுவார். "காலையில என்ன சாப்பிட்டீங்க? வீட்டுல யாரு சமையல்?" நாம் பதில் யோசிக்கிற நேரத்தில், புண்ணோடு ஒட்டிக் கிடக்கும் பழைய துணியை அவர் கையிலிருக்கும் இடுக்கி பிய்த்திருக்கும். உயிர் போய் உயிர் வரும். "அவ்ளோதான், அவ்ளோதான், முடிஞ்சுடுச்சு" என்பார். முடிந்திருக்காது. அவர் அப்படிச் சொன்னால் இனிமேல்தான் ஆரம்பம் என்பது இரண்டாம் தடவை போகும்போது எனக்குப் பழகிவிட்டது.

சின்ன ஆஸ்பத்திரி. மருந்துக் கவுன்ட்டருக்குப் பின்னால், கதவு முழுசாகத் திறக்காத ஓர் அறையில் பல வருஷமாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக நறுக்கித் தன் இடது முன்கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவருடைய விரலில் பிளாஸ்திரி ஓரம் கிளம்பியிருந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. "ஒரு நிமிஷம் சார்" என்று கையைப் பிடித்து அழுத்தி ஒட்டிவிட்டுத்தான் இறங்குவார். அந்த ஆளுக்கு என்ன நடந்தது என்றே புரியாது.

ஊழியர்கள் முதல் நோயாளிகள் வரை எல்லோருக்கும் அவர் 'அவ்ளோதான் அண்ணன்'. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"ஏன் அண்ணே இப்படி வாய் கூசாம பொய் சொல்றீங்க?" என்று ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன். துருப்பிடித்த தகரம் கிழித்த என் குதிகால் அவர் மடியில் இருந்தது.

"வலிக்கப் போவுதுன்னு சொன்னா உங்களுக்கு ரெண்டு தடவ வலிக்கும் சார். சொல்லாம விட்டா ஒரு தடவதான்" என்றார்.

எனக்கு அது நல்ல பதிலாகவே பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சிலர் விடுமுறை நாட்களில் மலை ஏறுவார்கள். கூட்டத்துக்குத் தலைவர் இவர்தான். அங்கேயும் இதே வைத்தியம்தான். புதிதாக வருகிறவர் மூச்சு வாங்கி நின்றால், "அடுத்த வளைவுதான், அவ்ளோதான்" என்பார். இன்னொரு வழக்கமும் உண்டு. வழியில் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் உச்சி மாதிரியே தெரியும். முன்னால் போகிறவர்கள் அதில் ஏறி நின்று, உச்சியைத் தொட்டுவிட்டதுபோலக் கை தட்டி ஓ என்று கத்துவார்கள். பின்னால் வருகிற புது ஆள் அதை நம்பி, மிச்சமிருக்கும் தெம்பையெல்லாம் கூட்டிக்கொண்டு ஓடி வருவார். வந்த பிறகு நிஜமான உச்சியைக் காட்டி எல்லோரும் சிரிப்பார்கள். ஏமாந்தவரும் சிரித்துவிட்டு நடப்பார். அடுத்த முறை அவரும் கை தட்டுவார்.

என் கால் ஆறியதும் என்னையும் கூப்பிட்டார். "கட்டுப் போட்ட காலு எப்படி நடக்குதுன்னு நான் பாக்க வேணாமா?" அந்த முறைதான் அவருடைய மனைவியும் வந்தார்.

அண்ணி தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருப்பவர். மார்பில் கட்டி வந்து, அறுத்து, அதன்பின் மாதாமாதம் மருந்து ஏற்றி, ஏறக்குறைய ஒரு வருஷம் வீட்டோடு இருந்திருக்கிறார். சிகிச்சை முடிந்துவிட்டது. கடைசிப் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருப்பதாக மாதம் ஒருமுறை வந்துபோகும் பெரிய டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கணவரிடம் சொன்னார். கணவர் வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னார். மலை ஏறும் நாளுக்கு மறுநாள் அண்ணி வேலைக்குத் திரும்ப வேண்டும்.

"மேல ஏறிட்டேன்னா நாளைக்குக் கவுன்ட்டர்ல போய் உட்கார்ந்துடுவேன் சார். இந்த உடம்பு இன்னும் என்னோடதுதானான்னு ஒரு தடவ பாத்துக்கணும்" என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னார். தலையில் ஒரு துணி கட்டியிருந்தார்.

"பொடிநடையா போயிட்டு வந்துடலாம். இவளுக்கு இதெல்லாம் ஒரு மலையா?" என்றார் அண்ணன்.

மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்குள் மழை பாதையை வாரிக்கொண்டு போயிருந்தது. அகலமான வழி இருந்த இடத்தில் சேறும் வேரும் உருண்டை உருண்டையான கற்களும் கிடந்தன. சரிவைச் சுற்றிக்கொண்டு, கையை ஊன்றி ஏற வேண்டியிருந்தது. எனக்கே நாக்குத் தள்ளியது. அண்ணி ஒவ்வொரு மரமாகப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"இன்னும் எவ்ளோ தூரம்ங்க?"

"அடுத்த வளைவுதான். அவ்ளோதான்."

அடுத்த வளைவு வந்தது, போனது. மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். அண்ணியின் உதடு வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். பார்த்ததனால்தான் இன்னும் உற்சாகமாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அப்போது மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரும் மற்றவர்களும் மொட்டைப் பாறையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். "வந்தாச்சு அண்ணி! வாங்க, வாங்க!" அண்ணியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். கணவரின் கையை உதறிவிட்டுத் தானாகவே ஏறினார். கடைசி ஏற்றத்தில் தவழ்ந்தே போனார். மேலே நின்றதும் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டு மீதியை முகத்திலும் கழுத்திலும் கொட்டிக்கொண்டார். தலைத்துணியை அவிழ்த்தார். விரற்கடை அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம் துளியும் இல்லை. சிரித்துக்கொண்டே மூச்சு வாங்கினார்.

பிறகு முகத்தைத் துடைத்தபடி திரும்பினார். மேகம் விலகியிருந்தது. பின்னால் உச்சி நின்றது.

"அது என்ன?"

ஆம்புலன்ஸ்காரர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். எப்போதும் வரும் சிரிப்பு அன்று யாருக்கும் வரவில்லை.

"அதுவும் இதே மலைதான்" என்றார் அண்ணன்.

"அப்ப இது? பாதியா?"

"பாதிக்கு மேல வந்துட்டோம்."

"உண்மையா?"

அவர் உச்சியைப் பார்த்தார். "பாதிகூட இல்ல."

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கவுன்ட்டரில் யாருக்கோ விவரம் சொல்வதுபோல நிதானமாகப் பேசினார்.

"ஒவ்வொரு தடவ மருந்து ஏத்த உட்காரும்போதும் இதான் கடைசின்னு சொன்னீங்க. அடுத்த மாசத்துக்கும் தேதி குடுத்திருக்காங்கன்னு நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பக்கூட ஒண்ணும் கேக்கல. என் மனசு நோகக் கூடாதுன்னுதானே சொல்றாருன்னு விட்டுட்டேன். இப்ப எல்லாம் சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொன்னதா வந்து சொல்றீங்க. அத நான் எப்படிங்க நம்புறது?"

"டாக்டரையே கேளும்மா. அவர் வாயாலயே சொல்வாரு."

"அவரும் உங்க ஆஸ்பத்திரிதானே? நீங்க சொல்லிவச்சா அவரும் சொல்லிட்டுப் போறாரு." மற்றவர்களைக் கையால் காட்டினார். "இவங்க எல்லாரும் சேர்ந்து இப்ப கை தட்டலையா?"

எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அண்ணனின் முகம் தொங்கிப்போயிற்று. வாழ்நாளிலேயே நல்ல சேதியாக அவர் கொண்டுவந்த ஒரே நிஜம் அதுதான். அதற்கு இப்போது செல்லாக்காசு மதிப்புகூட இல்லை. புண்ணைப் பார்ப்பதுபோல மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ மேல போக முடியாது. இன்னைக்கு முடியாது. கால் நடுங்குது, தண்ணி இல்ல. கூட்டிட்டு வந்ததே தப்பு. பாதை இப்படி ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அவரிடமிருந்து அப்படி ஒரு பேச்சை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அண்ணி தலைத்துணியைக் கட்டிக்கொண்டு எழுந்தார். என் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டார்.

ஏறியதைவிட இறங்கியது கொடுமை. அண்ணன், மனைவிக்கு ஓரடி முன்னால் இறங்கிக்கொண்டே பேசினார். "இங்க வழுக்கும். விழுந்தாலும் விழுவ. விழுந்தா கைய ஊணாத, உட்கார்ந்துடு." சொன்னபடியே அண்ணி விழுந்தார். உட்கார்ந்தும் விட்டார். "இந்தச் சரிவு நீளம். நல்லா வலிக்கும்." வலித்தது. "இதுக்கப்புறம் இன்னொண்ணு இருக்கு, அது இதவிட மோசம்." எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. பழைய பொய்யே தேவலை என்றிருந்தது. ஆனால் அண்ணி அவர் சொன்ன இடத்தில் கால் வைத்தார், சொல்லாத இடத்தில் வைக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது மரங்களுக்கு நடுவே பஸ் நிற்கும் இடத்து விளக்கு தெரிந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. ஆம்புலன்ஸ்காரருக்கு அதுவரை பட்டது போதாது போலும்.

"வந்தாச்சு அண்ணி! அவ்ளோதான்!" என்று கத்தினார்.

அண்ணி விளக்கைப் பார்க்கவில்லை. நின்று, கணவரைப் பார்த்தார்.

அண்ணன் கீழே பார்த்தார். நடுவில் ஓர் ஓடை பள்ளமாக ஓடியது. "இல்ல. பக்கத்துல தெரியுது, ஆனா பாதை சுத்திக்கிட்டுப் போவுது. இன்னும் நிறைய இருக்கு" என்றார்.

அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"டாக்டர் சொன்னது?"

அண்ணன் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்து, ஆமாம் என்று தலையை மட்டும் ஒரே ஒரு முறை ஆட்டினார். அண்ணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தார்.