துருவக் கடலின் சேறு

பாண்டி பஜாரில் எங்கள் புடவைக் கடைக்கு அன்று மதியம் வந்த அக்கா உட்காரவே இல்லை. கல்லாவுக்கும் கண்ணாடிக் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அவளை இடித்துக்கொண்டு போனது. கூட்டம் சற்றுக் குறைந்ததும், “நான் இத்தனை வருஷமா எழுதினது தப்புடா தம்பி” என்றாள்.

அக்காவுக்கு அடையாறில் ஆராய்ச்சி வேலை. வட துருவக் கடலின் அடியிலிருந்து குழாய்களில் எடுத்துவரும் சேற்றை நுண்ணோக்கியில் பார்ப்பாள். ஒரு லட்சத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் அந்தப் பகுதி இன்றைவிடச் சூடாக இருந்ததாம். அப்போதும் கோடையில் கடல்மேல் பனி தாக்குப்பிடித்தது என்பது அவள் கட்சி. அவளுக்குப் பெயர் வாங்கித் தந்ததே அதுதான். இப்போது அதே காலத்துச் சேற்றில், பனி மூடாத கடலில் மட்டுமே பிழைக்கும் ஓர் உயிரின் ஓடுகள் மண்டிக் கிடந்தன. உப்புத்தூள் அளவுகூட இல்லாத ஓடுகள்.

“உனக்கு மட்டும்தானே தெரியும். கொஞ்ச நாள் பேசாம இரேன்” என்றேன்.

“எப்படிடா? அப்போ பூமியோட சாய்வு ஆயிரக்கணக்கான வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா மாறி, மெதுவா ஏறின சூடு. அதுக்கே பனி போயிருக்கு. இப்போ நாம ஏத்துற வேகம் வேற.”

“வேளச்சேரி வீட்டுக்குள்ள கடல் தண்ணி வந்துடுமா?” எனக்கு என் கவலை.

“மிதக்கிற பனி கரைஞ்சா கடல் ஏறாது. ஆனா அந்த வெள்ளை போயிட்டா கடல் வெயிலைக் குடிக்கும். பக்கத்துல தரைமேல இருக்கிற பனியும் கரையும். அதுதான் கடலை ஏத்தும்.”

“எப்போ?”

“அதைத்தான் சேறு சொல்ல மாட்டேங்குது.”

சில வாரங்களில் அடையாறில் ஆராய்ச்சியாளர்கள் கூட்டம் ஒன்று. நான் கடைசி வரிசையில் இருந்தேன். அக்கா தன் பழைய முடிவைத் தானே படித்துக் காட்டி, தவறு என்றாள். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். துருவக் கடலுக்கான அடுத்த பயணத்தில் அவளுக்கு வரவேண்டிய தலைமை வேறொருவருக்குப் போனது. அக்கா அவர் குழுவில் ஒருத்தியாகக் கிளம்பினாள்.

கப்பலிலிருந்து ஒருநாள் அழைத்தாள். “போன தடவை இதே இடத்துல பனியை உடைச்சுக்கிட்டுத்தான் போனோம். இப்போ கேளு” என்று போனை வெளியே நீட்டினாள்.

அலைச் சத்தம். பெசன்ட் நகரில் கேட்கிற அதே சத்தம்.