தூரம் தெரியாத கேமரா

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். நடந்ததிலும் பாதி மறந்துபோகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகன் கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவன். போன வருடம் ஒரு மண்டபத்தில், மாலை மாற்றுவதை மேலிருந்து எடுக்கலாம் என்று மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றவன், கேமராவோடு கீழே விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வில்லாபுரத்து வீட்டில் முன்னறையில் கட்டில் போட்டு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நடப்பான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நடக்க மாட்டான் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

கேமராவுக்கும் அடி. லென்ஸ் மாட்டுகிற வாயில் இருக்கும் வெள்ளி வளையம் நெளிந்துவிட்டது. மற்றதெல்லாம் வேலை செய்தது. அவனோடு கல்யாணங்களுக்குப் போகும் கூட்டாளி சிம்மக்கல் பக்கம் பழைய சாமான் கடைகளில் தேடி, அதே மாதிரி நல்ல வளையம் ஒன்று கொண்டுவந்தான்.

“மாப்ள, நாலு ஸ்க்ரூதான். மாட்டிட்டா உன் லென்ஸு கச்சிதமா உக்காந்துரும். ஆவணியில முகூர்த்தம் அம்புட்டு இருக்கு. நீ வீல்சேர்ல உக்காந்து எடு, நான் தள்ளிட்டு வாரேன். மாப்பிள்ளை கார விட உன் தேரு ஜோரா இருக்கும்.”

மகன் சிரிக்கவில்லை. “அது வேணாம்டா. பழைய ஃபிலிம் கேமரா லென்ஸு ஒண்ணு கிடக்கு. நடுவுல குழாய் வச்சு அதைச் சேக்கப் போறேன். குழாய் நீளமாக நீளமாக ரொம்பக் கிட்டத்துல பாக்கும். ஈயோட கண்ணு கூடத் தெரியும்.”

“தூரத்துல?”

“ஒண்ணும் தெரியாது.”

“சரி, கழட்டி மாட்டுற மாதிரி செய்யி. ஒட்டிறாத.”

“ஒட்டத்தான் போறேன்.”

கூட்டாளி என் முகத்தைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டேன்.

அலுமினியக் குழாய்த் துண்டை மடியில் வைத்து அவனே அரத்தால் ராவினான். உள்ளே பளபளப்பு இருந்தால் படம் வெளுத்துவிடும் என்றான். என் பழைய கறுப்பு வெல்வெட் ஜாக்கெட்டை வெட்டி உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். நெளிந்த வளையத்தைக் கழற்றியபோது, தூசி விழாதபடி கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டேன். வளையம் இருந்த இடத்திலேயே பசை தடவினான். தடவிவிட்டு, முனையில் பழைய லென்ஸ் பொருத்திய குழாயை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு வைத்து அழுத்தினான். அழுவானோ என்று பயந்தேன். டீ கேட்டான்.

பசை இறுகிய பிறகு கூட்டாளி வந்தான். புது லென்ஸ் மாட்டினால் முதல் படம் சாமியைத்தான் எடுக்க வேண்டும், அது இவர்கள் வழக்கம். சுவரில் இருந்த மீனாட்சி காலண்டரை நோக்கி மகன் கேமராவைப் பிடித்தான். திரையில் பச்சையாக ஏதோ கலங்கித் தெரிந்தது. நான் காலண்டரைக் கழற்றி லென்ஸுக்கு மிகக் கிட்டே கொண்டுபோனேன். முகத்தைக் காணோம். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக அச்சுப் புள்ளிகள்தான் இருந்தன.

“சாமியே இம்புட்டுத்தானா மாப்ள?” என்றான் கூட்டாளி.

காலண்டரைக் கட்டிலில் வைக்கும்போது போர்வை விலகியது. மகனின் குதிகாலில் இருந்த படுக்கைப் புண்ணில் எறும்பு மொய்த்திருந்தது. தட்டிவிடக் கையை நீட்டினேன்.

“இரும்மா. மாப்ள, காலை மடக்கிக் கிட்டக் கொண்டா.”

கூட்டாளி இரண்டு கையாலும் காலைத் தூக்கி மடியருகே கொண்டுவந்தான். திரையில் ஒரே ஒரு எறும்பு, விரல் தண்டிக்கு. வாயால் சதையின் ஓரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. அதன் காலில் இருந்த மயிர் கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

“கடிக்குது பாரு,” என்றான் மகன். “எனக்குத் தெரியல.”

படம் எடுத்தான். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் கையைக் காட்டினான். “அந்தப் பேக்கை நீ கொண்டு போயிரு. கல்யாண லென்ஸு ரெண்டும் உள்ள இருக்கு. இனிமே இதுல சேராது. ஆவணிக்கு வேற ஆளப் பாரு.”

கூட்டாளி கட்டிலுக்கடியில் குனிந்தான். பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னிடம் போய்வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் செருப்பை மாட்டினான். நான் உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் புண்ணைத் துடைத்தேன்.

வளையத்துக்கு ஸ்க்ரூ நாலுதானா, குழாய் நீளமானால் கிட்டத்தில் தெரியும் என்று நான் எழுதியிருப்பது சரிதானா, கேமரா தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.